ஏழு நாற்பது

அந்த அம்மாள் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கழற்ற மறந்தே இரண்டு மணி நேரம் பஸ்ஸில் வந்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் அது கையில் தட்டுப்பட்டது. சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்குங்க சார். நாலு நாளா எதுவும் புத்தியில நிக்கல."

மருந்துக்கடைக்கு மேலே இருந்த அந்த அறையின் வாசலில் ஒரு பெயர்ப்பலகை உண்டு. எழுத்து அழிந்து வெகுகாலமாகிவிட்டது. தெருவில் எல்லோரும் துப்பு சார் என்று கூப்பிடுவதால் அவரும் அதைத் திரும்ப எழுத மெனக்கெடவில்லை. இருபது வருடம் காப்பீட்டுக் கம்பெனியில் கள்ளக் கையெழுத்துகளைப் பிடித்துக் கொடுத்தவர். இப்போது முழங்கால் வலியோடு சொந்தமாகத் தொழில் செய்கிறார். வருகிறவர்களில் பாதிப்பேர் மாப்பிள்ளை குடிப்பாரா என்று விசாரிக்கச் சொல்வார்கள். மீதிப்பேர் சொத்துத் தகராறு. இரண்டிலும் கடைசியில் யாராவது அழுவார்கள் என்பது அவர் அனுபவம்.

அவருக்கு உதவியாக இருந்தது அவர் மனைவியின் தம்பி. நாற்பது வயதான அந்த மைத்துனர், தண்ணீர் வடிகட்டும் மெஷின் விற்றுத் தோற்றபின் 'ரெண்டு மாசம் மட்டும் அத்தான்' என்று வந்து சேர்ந்தவர். நாலு வருடமாகிறது. உற்சாகம் மட்டும் முதல் நாளில் இருந்தபடியே இருந்தது.

"சொல்லுங்கம்மா. சொத்தா, சம்பந்தமா?" என்றார் மைத்துனர், நோட்டைத் திறந்துகொண்டு.

"சொத்து."

விஷயம் இதுதான். அவர் எல்லை ஊர்க்காரர். ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு நாடு, அந்தப் பக்கம் வேறு நாடு, நடுவே பாலம். பாலத்தடியில் அவருடைய அப்பா நோட்டு மாற்றும் கடை வைத்திருந்தார். மூன்று மாதத்துக்கு முன் அப்பா இறந்துவிட்டார். மாடி வீட்டில் தம்பியும் அவன் மனைவியும். கீழ்வீட்டில் இவரும் மூன்று தையல் மெஷின்களும். எட்டு வருடம் முன்பு கணவர் போனதிலிருந்து அந்த மெஷின்கள்தான் சோறு போடுகின்றன.

"போன வாரம் தம்பி வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கான். என் பங்கை நான் இருபத்து மூணு வருஷத்துக்கு முன்னாடியே பணமா வாங்கிட்டேனாம். பத்து நாள்ல வீட்டைக் காலி பண்ணணுமாம். நாலு நாள் போயிடுச்சு."

"வாங்கினீங்களா?"

"ஒரு பைசா வாங்கல சார். ஆனா ரசீது இருக்கு. அதுல என் கையெழுத்து இருக்கு."

"யாரோ போட்ட கையெழுத்தா இருக்கும்," என்று மைத்துனர் முன்னால் சாய்ந்தார்.

"இல்லீங்க. நான் போட்டதுதான். தம்பி படியில நின்னு தூக்கிக் காட்டினான். கையெழுத்து உன்னுதுதானேன்னு கேட்டான். ஆமான்னு சொன்னேன். அதுக்கு மேல படிக்கக் கண்ணு தெரியல."

மைத்துனரின் பேனா நின்றுவிட்டது. துப்பு சார் மட்டும் நிதானமாக, "வெறும் தாள்ல கையெழுத்துப் போடுற பழக்கம் உண்டா?" என்று கேட்டார்.

அந்த அம்மாளின் முகம் சிவந்தது. "கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு வருஷம் நான்தான் கடையில ரசீது குடுப்பேன். காலையில பாலம் திறந்ததும் கூட்டம் அப்படியே வந்து மொய்க்கும். ஒவ்வொண்ணா கையெழுத்துப் போட்டா வரிசை நகராது. அதனால ஐம்பது தாள் கட்டை எடுத்து, ஐம்பதுலயும் கையெழுத்துப் போட்டு வச்சிட்டுத்தான் கதவைத் திறப்போம். அப்பாதான் அப்படிப் பழக்கினார்."

"மிச்சத் தாள்?"

"கல்யாணத்துக்காக நவம்பர் கடைசியில கடைக்குப் போறதை நிறுத்தினேன். கடைசிக் கட்டு பாதி மிஞ்சியிருக்கும். அப்பா எதையும் தூக்கிப்போட மாட்டார்."

"நோட்டு மாத்துற ரசீதுல வீட்டுப் பங்கை எழுதினா யார் நம்புவாங்க?" என்றார் மைத்துனர்.

"எங்க அப்பாவைத் தெரிஞ்சவங்க நம்புவாங்க. எங்க வீட்ல எல்லாமே அந்த ரசீதுதான். தம்பிக்கு சைக்கிள் வாங்கிக் குடுத்தாகூட அவன்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கி வச்சுப்பார். கை நடுங்கும், அதனால டைப் அடிச்சிடுவார்."

துப்பு சார் எழுந்து முழங்காலைத் தடவிக்கொண்டார். கையெழுத்து நிஜம், தாள் நிஜம், டைப் எழுத்துக்குச் சொந்தக்காரன் கிடையாது. இப்படிப்பட்ட வழக்குகள் அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஆனாலும் பையை எடுத்துக்கொண்டார்.

பஸ்ஸில் மைத்துனர் தான் படித்ததையெல்லாம் ஒப்பித்தபடி வந்தார். இரண்டு நாடும் ஒரு காலத்தில் ஒன்றாக இருந்தவை. அப்போது நோட்டும் ஒன்றுதான். முன்பக்கம் மான், பின்பக்கம் கப்பல். பிரிந்தபோது ஆளுக்கொரு பக்கத்தை எடுத்துக்கொண்டார்கள். இந்தக் கரைக்கு மான், அந்தக் கரைக்குக் கப்பல். முதல் சில வருடங்கள் ஒன்றுக்கு ஒன்று. பிறகு ஒரு கப்பலுக்கு இரண்டு மான், நாலு மான் என்று ஏறியது. ஒவ்வொரு பதிப்பிலும் நோட்டில் இருக்கும் மான் மெலிந்துகொண்டே போவதாக ஊரில் கேலி செய்வார்களாம்.

"இப்போ இருபத்து மூணு. நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுது அத்தான்."

"மாறட்டும். கொஞ்சம் தூங்க விடு," என்றார் துப்பு சார்.

மாடியில் கதவைத் திறந்த தம்பிக்கு முப்பத்தேழு வயதிருக்கும். சண்டைக்குத் தயாராக இருந்தவன், வந்தவர் களைத்துப்போய் நாற்காலி கேட்டதும் சற்று அடங்கினான். ரசீதை ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தான்.

"அப்பா பெட்டியில, சொத்துப் பத்திரத்துக்கு நடுவுல இருந்துச்சு சார். அப்போ நான் ஹாஸ்டல்ல எட்டாம் கிளாஸ் படிச்சிட்டிருந்தேன். எனக்கு ஒண்ணும் தெரியாது. பணத்தையும் வாங்கிக்கிட்டு, இத்தனை வருஷம் வாயைத் திறக்காம இருந்திருக்காளே... கூடப் பிறந்தவ சார். அதுதான் தாங்கல."

பொய் சொல்கிறவனின் குரலாக அது துப்பு சாருக்குப் படவில்லை. பூதக்கண்ணாடியை எடுத்து ரசீதைப் பார்த்தார். கட்டம் போட்ட அச்சுத்தாள். கட்டங்களில் டைப் அடித்திருந்ததை அப்படியே தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

தேதி: நவம்பர் 9, இருபத்து மூன்று வருடத்துக்கு முந்தையது. கொடுத்தது: 2,500 கப்பல். விலை: 7.40. மதிப்பு: 18,500 மான். விவரம்: வீட்டில் மகளின் பங்கு முழுவதும். அடியில் மங்கிய நீல மையில் ஒரு பெண்ணின் கையெழுத்து, கடைசி எழுத்தின் வாலை இழுத்துவிட்டபடி.

"டைப் மெஷின் எங்கே?"

"அப்பா அறையிலதான்."

அந்த அறையில் கட்டில் இன்னும் அகற்றப்படவில்லை. மெத்தை மட்டும் இல்லை. கட்டிலுக்கு அடியில் தகரப் பெட்டி, ஜன்னலோரம் டைப் மெஷின். தம்பியின் மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள். பக்கத்துப் பள்ளியில் வணிகவியல் சொல்லிக்கொடுப்பவள். வீட்டிலும் எல்லோருக்கும் டீச்சர்தான். புருவத்துக்கு நடுவில் கோடு விழுந்திருந்தது. கொடுத்த டம்ளரைத் திரும்ப வாங்கக் காத்து நின்றாள்.

கட்டிலுக்கு எதிர்ச் சுவர் முழுக்கக் கட்டம் போட்ட தாள்கள் ஒட்டியிருந்தன. பெரியவரின் ரத்த அழுத்தக் கணக்கு. காலை, மாலை, மருந்து, தேதி. ஒவ்வொரு தாளின் அடியிலும் சிவப்பு மையில் வட்டமிட்ட ஓர் எண். துப்பு சார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"யார் எழுதினது?"

"நான்தான்," என்றாள் டீச்சர்.

"எத்தனை வருஷம்?"

"ஆறு."

"இந்த மாசம் நல்லா இருந்திருக்கார் போல. நூத்தி முப்பத்தாறு."

"அது சராசரி சார். அந்த மாசம்தான் ரெண்டு தடவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம்," என்று சொல்லி டம்ளரை வாங்கிக்கொண்டு போனாள்.

பாலத்தடிக் கடை கம்பி அடைப்பும் கண்ணாடியுமாக இருந்தது. அப்பா காலத்துக் கணக்கர் இன்னமும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். எழுபது வயது. எதிரில் கம்ப்யூட்டர் திரையில் எண்கள் துள்ளிக்கொண்டிருக்க, அதற்கு முதுகைக் காட்டியபடி நோட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"அந்த நவம்பரா? மறக்க முடியுமா சார்? பதினோரு வருஷமா ஒரு கப்பலுக்கு ஆறு மான். அரசாங்கம் கட்டிப்போட்ட விலை. தினமும் பலகையில எழுதுறது வெறும் சடங்கு. பதினேழாம் தேதி காலையில ரேடியோவுல சொன்னாங்க, இன்னையிலேருந்து ஒன்பதுன்னு. ஒரே ராத்திரியில. எங்க முதலாளி பல்லு விளக்கிட்டிருந்தவர், பிரஷ்ஷோடயே கடைக்கு ஓடி வந்தார்."

"அப்புறம்?"

"அந்த மாசம் முழுக்க ஒன்பதுதான். அடுத்த வருஷம்தான் திரும்ப ஏறுச்சு."

"எழுத்துல இருக்கா?"

கணக்கர் கொஞ்சம் புண்பட்டவராய் எழுந்தார். பின்னால் அலமாரியில் வருடவாரியாக விலைக் குறிப்பேடுகள் அடுக்கியிருந்தன. ஒன்றை உருவிப் பக்கம் புரட்டிக் காட்டினார். நவம்பர் ஒன்பது: ஆறு.

மைத்துனரின் காது நிமிர்ந்தது. "அத்தான்! ரசீதுல ஏழு நாற்பதுன்னு..."

"தெரியும்." துப்பு சார் கணக்கரைப் பார்த்தார். "கறுப்பு விலைன்னு ஒண்ணு இருந்திருக்குமே?"

"இருந்துச்சு. பாலத்துக்கு அடியில. ஏழு, ஏழேகால், ஏழரைன்னு போகும். ஆனா எப்பவும் காலும் அரையும்தான் சார். போலீஸ் வருதான்னு பாத்துக்கிட்டே நிக்கிறவன் பைசா கணக்குப் போட்டுக்கிட்டு இருப்பானா? ஏழு நாற்பதுன்னு ஒரு விலையை நான் என் காதால கேட்டதில்லை."

"இந்த அலமாரியை யாரெல்லாம் தொடுவாங்க?"

"நானும் பெரியவரோட மகன் சின்ன முதலாளியும்தான். வீட்டு ஆளுங்களைக் கடைக்குள்ள விடமாட்டார். அவர் அக்காவுக்குப் பிறகு பொம்பளைங்க யாரும் இந்தக் கம்பியைத் தாண்டினதில்லை. டீச்சரம்மா சாப்பாடு கொண்டு வந்தாக்கூட வெளியில நின்னு நீட்டிட்டுப் போயிடுவாங்க."

பஸ் நிலையத்து பெஞ்சில் துப்பு சார் காலை நீட்டி உட்கார்ந்தார். மைத்துனர் உட்காரவில்லை.

"கணக்கர்தான் அத்தான். பழைய ஆள், பழைய கட்டு எங்க இருக்குன்னு தெரியும், டைப் அடிக்கத் தெரியும். தம்பிகிட்ட ஏதோ வாங்கிக்கிட்டு செஞ்சிருக்கார்."

"அப்படின்னா விலை?"

"மறந்திருப்பார். வயசாச்சில்ல."

"பல்லு விளக்கின பிரஷ் ஞாபகம் இருக்கிறவருக்கு ஆறு மறந்துபோகுமா?"

மைத்துனர் தலையைச் சொறிந்தார். "சரி, ஏழு நாற்பது ஆகாசத்திலேருந்தா குதிச்சுது?"

"அதைத்தான் தேடணும். பழைய மாற்று விலையெல்லாம் அச்சடிச்ச புத்தகம் ஏதாவது இந்த ஊர்ல இருக்கான்னு பாத்துட்டு வா. நான் இங்கயே இருக்கேன். படி ஏற முடியல."

இரண்டு மணி நேரம் கழித்து மைத்துனர் தடித்த புத்தகத்தை அணைத்தபடி வந்தார். முகமெல்லாம் பெருமை.

"பொது நூலகம் பூட்டிக் கிடக்கு. டீச்சர் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்து நூலகத்துல கெஞ்சிக் கூத்தாடி வாங்கினேன். இரு நாட்டு நாணய வரலாறு, எழுபது வருஷ விலை அட்டவணை. பக்கத்துல இருந்த புத்தகத்தையெல்லாம் தொட்டா தும்மல் வருது. நல்லவேளை, இதை மட்டும் யாரோ சமீபத்துல தூசி தட்டியிருக்காங்க."

துப்பு சார் அட்டவணையைப் பிரித்தார். வருடத்துக்கு ஒரு வரி, மாதத்துக்கு ஒரு கட்டம். விரலை வைத்து இறங்கி ஒரு கட்டத்தில் நிறுத்தினார். ஆனால் கண்டுபிடித்த சந்தோஷம் அவர் முகத்தில் இல்லை. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினார்.

"கிடைச்சுதா அத்தான்?"

"கிடைக்காம இருந்திருக்கலாம். நாளைக்கு ஞாயிறு. காலையில பதினோரு மணிக்கு எல்லாரையும் கீழ்வீட்டுக்கு வரச் சொல்லு. கணக்கரையும். தகரப் பெட்டியில மிச்ச ரசீதுக் கட்டு இருந்தா அதையும் கொண்டுவரச் சொல்லு."

மறுநாள் தையல் மெஷின்களுக்கு நடுவில் நாற்காலிகள் போட்டிருந்தன. அக்கா தன் மெஷினுக்குப் பின்னாலேயே உட்கார்ந்துகொண்டார். தம்பி ஜன்னலோரம் நின்றான். டீச்சர் மடியில் ரசீதுக் கட்டுடன் ஓரமாக இருந்தாள். கணக்கர் கையில் விலைக் குறிப்பேடு. மைத்துனர் கதவை அடைத்து நின்றார். யாரும் ஓடப் போவதில்லை என்று துப்பு சார் சொல்லியும் நகரவில்லை.

"அம்மா, நீங்க இந்த ரசீதை முழுசாப் படிக்கலைன்னு சொன்னீங்க. நான் படிக்கிறேன். நவம்பர் ஒன்பது. ரெண்டாயிரத்து ஐந்நூறு கப்பல். விலை ஏழு நாற்பது..."

"ஏழு நாற்பதா?" அக்கா சட்டென்று நிமிர்ந்தார். "ஒன்பதாம் தேதி ஆறுல்ல? பதினேழாம் தேதிதானே ஒன்பதாச்சு? பலகையில நான்தானே அழிச்சு எழுதினேன்!"

"ஆறுதான்," என்றார் கணக்கர்.

தம்பி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்பா ஏதாவது தனியா விலை பேசியிருக்கலாம்."

"மகளோட பேரம் பேசினாரா?" என்றார் துப்பு சார். "சரி, அப்படியே வச்சுக்குவோம். அந்த ஏழு நாற்பது எங்கேயிருந்து வந்தது? கடைப் பலகையில இல்லை. கறுப்புச் சந்தையில இல்லை. நான் தேடினதுல அந்த எண் ஒரே ஓர் இடத்துலதான் இருக்கு." மைத்துனர் கையிலிருந்த புத்தகத்தைக் காட்டினார். "இந்தப் புத்தகம் தினசரி விலை போடல. மாதத்துக்கு ஒரு எண். அந்த நவம்பர்ல பதினாறு நாள் ஆறு, பதினாலு நாள் ஒன்பது. ரெண்டையும் கூட்டினா இருநூத்து இருபத்திரண்டு. முப்பதால வகுத்தா ஏழு நாற்பது. அது மாதச் சராசரி. அந்த மாசத்துல எந்த நாளும், எந்தக் கடையிலும், யாரும் அந்த விலைக்கு ஒரு நோட்டுகூட மாத்தினதில்லை."

"அடக் கடவுளே," என்றார் கணக்கர்.

"இன்னொண்ணு. ஒன்பதாம் தேதி உட்கார்ந்து டைப் அடிக்கிற மனுஷனுக்குப் பதினேழாம் தேதி என்ன நடக்கப்போகுதுன்னு தெரியாது. மாசம் முடிஞ்ச பிறகுதான் சராசரியே பிறக்கும். அதனால இந்த ரசீதை உங்க அப்பா அடிக்கல."

தம்பியின் முகம் வெளுத்தது. "அப்போ நான் அடிச்சேன்னு சொல்றீங்களா?"

"இல்லை. நீங்க அடிச்சிருந்தா கடை அலமாரியில குறிப்பேட்டைப் பார்த்திருப்பீங்க. கணக்கர் ஐயா அடிச்சிருந்தா எதையும் பார்க்காமலே ஆறுன்னு போட்டிருப்பார். அவர் செஞ்சிருந்தா நம்மால கண்டுபிடிச்சிருக்கவே முடியாது." கணக்கர் இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று விழித்தார். "அந்த அலமாரியைத் தொட முடியாத ஒருத்தர்தான் புத்தகத்தைத் தேடிப் போகணும். பலகையில விலை எழுதிப் பழகாதவங்க. வருஷக் கணக்கா எண்களைக் கூட்டி வகுத்து அடியில சிவப்பு வட்டம் போட்டே பழகினவங்க. மாசத்தோட எண் எதுன்னு கேட்டா, அவங்களுக்குச் சராசரிதான்."

புத்தகத்தின் பின்னட்டையில் ஒட்டியிருந்த இரவல் சீட்டில் முந்தைய வரியில் யார் பெயர் இருக்கிறது என்பதை நேற்றே பார்த்திருந்தார் துப்பு சார். அதைச் சொல்லவேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

"நான்தான் அடிச்சேன்," என்றாள் டீச்சர்.

"நீயா?" என்றான் தம்பி.

"நானேதான். உங்களுக்குத் தெரியாது. பத்திரத்துக்கு நடுவுல வச்சு, நீங்க எடுக்கட்டும்னு விட்டேன்." அவள் குரல் உயரவில்லை. வகுப்பில் கடைசி மணி அடித்தபின் பேசுகிற குரலாக இருந்தது. "வீட்டை வித்து ரெண்டாப் பிரிக்கலாம்னு காரியம் முடிஞ்ச மறுவாரமே பேசினீங்க. உங்களுக்குப் பாதி, அக்காவுக்குப் பாதி. நான் எங்கே போறதுன்னு ஒருத்தர் கேட்கல. ஆறு வருஷம் மாமாவுக்குத் துணி மாத்தினது நான். ராத்திரியில ரெண்டு தடவை எழுந்து புரட்டிப் படுக்க வச்சது நான். வேலைக்கும் போயிட்டு வந்து. இந்த வீட்ல சைக்கிளுக்கு ரசீது இருக்கு, குடைக்கு ரசீது இருக்கு. என் ஆறு வருஷத்துக்கு ஒரு தாள் கிடையாது."

"அதுக்காக என்னைத் தெருவுல விடலாமா?" அக்காவின் குரல் உடைந்தது. "நான் பாக்கலைன்னு சொல்றியா? நான் கீழே மெஷினை நிறுத்தினா சோறு இல்லைன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். தெரிஞ்சேதான் செஞ்சேன். தப்புதான்." டீச்சர் முகத்தைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. "ரொம்பக் களைச்சுப் போயிருந்தேன் அண்ணி. உங்களை நினைக்கவே தோணல."

தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. தெருவில் ஒரு காய்கறி வண்டிக்காரர் விலையைக் கூவிக்கொண்டு போனார்.

அக்கா மெஷின் சக்கரத்தின் மேலிருந்து கையை எடுத்தார். பிறகு எழுந்து வந்து, டீச்சரின் மடியிலிருந்த கட்டை எடுத்துப் புரட்டினார். இருபதுக்கு மேல் தாள்கள் இருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் பத்தொன்பது வயதில் அவர் போட்ட கையெழுத்து, வாலை இழுத்துவிட்டபடி. மேலே உள்ள ஒரு தாளைக் கிழித்து டீச்சரிடம் நீட்டினார். மீதிக் கட்டைத் துணி வெட்டும் கத்தரியால் குறுக்கே வெட்டிக் குப்பையில் போட்டார்.

"உனக்கு என்ன வேணுமோ அதுல நீயே எழுதிக்கோ. கையெழுத்து இருக்கு. இந்தத் தடவை சரியான தேதியைப் போடு."

"அம்மா, வேண்டாம்மா!" என்று மைத்துனர் கதவிலிருந்து பதறினார். துப்பு சார் அவர் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார்.

பஸ் ஏறும்வரை மைத்துனர் பொருமிக்கொண்டே வந்தார். "போலீஸுக்குச் சொல்ல வேண்டாமா அத்தான்? திரும்ப வெறும் தாளைத் தூக்கிக் குடுக்கிறாங்க. வீடு முழுக்கன்னு எழுதினா என்ன பண்ணுவாங்க?"

"நம்மளைக் கூப்பிட்டது ரசீது பொய்யான்னு பாக்க. பாத்தாச்சு. அவங்களுக்கு அதைவிடப் பெரிய கணக்கு இருக்கு, அதுல நமக்கு வேலை இல்லை. ஜன்னலைச் சாத்து, தூசி வருது."

ஒரு மாதம் கழித்து அக்கா மறுபடி அந்த அறைக்கு வந்தார். இந்த முறை அளவு நாடா கழுத்தில் இல்லை. கட்டணத்தை உறையில் வைத்துக் கொடுத்தார். வக்கீல் நோட்டீஸை மறுநாளே தம்பி திரும்பப் பெற்றுவிட்டானாம். பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார்.

"நாலு நாள் கையில வச்சிருந்துட்டு என் மெஷின் மேல வச்சிட்டுப் போயிருந்தா. நீங்க பாக்கணும்னு தோணுச்சு."

துப்பு சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். மைத்துனர் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். தேதி சரியாக இருந்தது. டைப் இல்லை; சிவப்பு மையில் கையெழுத்து. கொடுத்தது: கீழ்வீடு, அண்ணிக்கு. பெற்றது: மாடி, எனக்கும் அவருக்கும். விலை என்ற கட்டத்தில், ஒன்றுக்கு ஒன்று. பழைய கையெழுத்துக்குப் பக்கத்தில் டீச்சர் தன் கையெழுத்தையும் போட்டிருந்தாள், தம்பியையும் போட வைத்திருந்தாள்.

"இது செல்லுமா சார்?"

"பதிவு அலுவலகத்துல முறையா எழுதணும். செய்யலாம்." தாளை மடிக்காமல் அப்படியே திருப்பிக் கொடுத்தார். "பேசிக்கிறீங்களா ரெண்டு பேரும்?"

அக்கா யோசித்தார். "இன்னும் இல்லை சார். எனக்கு ஆறல. ஆனா தண்ணி மோட்டார் போடும்போது மாடியிலேருந்து குரல் குடுக்கிறா, பிடிச்சு வச்சுக்குங்க அண்ணின்னு. நானும் வாளியை எடுத்துக்கிட்டுப் போறேன்."